பன்னிரண்டு மணிக்கு மூடும் பூ

என் கணவருக்குக் கடைத்தெருவில் 'மூக்கு' என்று பெயர். எந்தக் காப்பித்தூளையும் ஒரே ஒருமுறை மோந்து, இதில் சிக்கரி நூற்றுக்கு இவ்வளவு என்று சொல்லிவிடுவார். அந்த மூக்கை வைத்துத்தான் இருபது வருடமாக எங்கள் காப்பித்தூள் கடை ஓடுகிறது. கண் விஷயத்தில் மனிதர் சுத்த மோசம்.

காலையில் கடை திறப்பது நான். கதவைத் தூக்கியதும் எதிரே சாலையோரத்தில் அந்தப் பூக்கள் தெரியும். இடுப்புயரக் குச்சிகளில் நல்ல நீலம், இதழ் நுனியெல்லாம் கத்தரித்துவிட்ட மாதிரி. யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் விட்டதில்லை. அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தால் அன்றைக்கு எனக்குக் கோபமே வராது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

அவரோ விடியற்காலையே பின்னறையில் வறுக்கவும் அரைக்கவும் இறங்கினால் மதியம்தான் வெளியே தலைகாட்டுவார். அதற்குள் பூக்கள் மூடிக்கொண்டுவிடும்.

"பூவா? எங்க? வெறும் குச்சிதானே நிக்குது!"

போதாததற்குப் பக்கத்து சைக்கிள் கடைக்காரனுக்கு வாக்கும் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை களையை வெட்டிவிட்டு அவன் அங்கே சைக்கிள்களை நிறுத்திக்கொள்ளலாமாம்.

அன்றைக்குப் பூவைப் பார்த்தும் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பெயர்கூடத் தெரியாத பூவுக்காக எப்படிச் சண்டை போடுவது? செடிப்பண்ணையில் வேலை செய்யும் அக்காவுக்குப் படம் அனுப்பினேன். உடனே போன் அடித்தது. முதலில் சிரிப்புதான் கேட்டது.

"அடியே, இதை வித்துத்தான்டி உன் புருஷன் இருபது வருஷமா உனக்குச் சோறு போடறார்! சிக்கரிச் செடிடி அது!"

இளம் இலையைக் கீரையாக வதக்குவார்களாம். வயிறு மந்தமானால் அந்தக் காலத்தில் வேரைக் கஷாயம் வைத்துக் குடிப்பார்களாம். வேரைக் காயவைத்து வறுத்து அரைத்தால், எங்கள் கடைக்கு மூட்டையில் வந்து இறங்குகிற அதே தூள்.

அவரிடம் மூச்சு விடவில்லை. ஒரே ஒரு செடியைத் தோண்டி, வேரைக் கழுவிச் சீவி, மாடியில் மூன்று நாள் காயவைத்தேன். வெள்ளி மாலை வறுத்து அரைத்தேன். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு கரண்டி தூளை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

மோந்தார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி மோந்தார்.

"சிக்கரி. கலப்படமே இல்ல. வறுவல்தான் கொஞ்சம் தூக்கல். யார் சரக்கு இது? உடனே நாலு மூட்டை சொல்லு!"

"சரக்குக்காரர் வாசல்லதான் நிக்கறார். வந்து பாருங்க."

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வந்தார். வெளியே சைக்கிள் கடைக்காரன் மண்வெட்டியோடு நின்றிருந்தான்.

"இவனா?"

"அவருக்குப் பின்னாடி பாருங்க."

பூக்களைப் பார்த்ததும் அவர் செய்த முதல் காரியம், குனிந்து மோந்ததுதான். அந்தப் பூவுக்கு வாசனையே கிடையாது. பிறகுதான், வேறு வழியில்லாமல், கண்ணால் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு நீலமா இருக்குமா இது? ஏன்டி இத்தனை நாளா சொல்லல?"

"தினமும்தாங்க சொன்னேன்!"

"அண்ணே, ஆரம்பிக்கட்டுமா?" என்றான் சைக்கிள் கடைக்காரன்.

அவர் மண்வெட்டியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "சைக்கிளையெல்லாம் எங்க கடைப் பக்கவாட்டுல நிறுத்திக்கோ தம்பி. இங்க முதலாளி நிக்கறார்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இப்போதெல்லாம் பதினொரு மணிக்கே அரவை நின்றுவிடுகிறது. பூ மூடுகிறவரை இரண்டு பேரும் வாசலில் நின்று காப்பி குடிக்கிறோம்.