எட்வின் சாரின் நாற்பது இடியம்கள்

...அதுவும் சர்டிஃபிகேட் கைக்கு வரட்டும் என்று காத்திருந்து சொல்லியிருக்கிறாள், என்ன நெஞ்சழுத்தம், உப்பல் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறியதிலிருந்து எட்வினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தாநாள்வரை முதல் பெஞ்சில் உட்கார்ந்து தலையாட்டிய சாருலதா, வாட்ஸப்பில்: அந்த இடியம் ‘ஃபார் ஆல் இன்டென்சிவ் பர்ப்பசஸ்’ இல்லை சார், ‘ஃபார் ஆல் இன்டென்ட்ஸ் அண்ட் பர்ப்பசஸ்’, நீங்கள் நடத்திய அன்றே தெரியும், ஸாரி சார். ஸாரியாம். பதினொரு வருஷமாக அமீர்பேட்டில் ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்துகிறவன், நாற்பது இங்கிலீஷ் இடியம்களைத் தொகுத்துப் புத்தகமே போட்டவன், அவனுக்கு நேற்று முளைத்த காளான் பாடம் எடுக்கிறது... இன்டென்ட் என்றாலும் நோக்கம், பர்ப்பஸ் என்றாலும் நோக்கம், ஒரே சாமானுக்கு எதற்கய்யா இரண்டு பை? இன்டென்சிவ் கேர் இருக்கலாம், இன்டென்சிவ் பர்ப்பஸ் இருக்கக் கூடாதா? நாயும் பூனையுமாக மழை பெய்கிறது என்று எழுதிவைத்தவன் புத்திசாலி, எட்வின் முட்டாள், நல்ல நியாயம்.

ஒன்பது மணி பேட்ச்சுக்கு இன்று அதே பாடம், அறுபது பேர், திருத்திச் சொன்னால் மானம் போகும், பழையபடி சொன்னால் அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ... போன வருஷம் நந்தகுமார் என்று ஒருவன், இதே பாடத்தில் எழுந்து, சார் ஒரு டவுட் என்றான். அப்படியா, நீயே வந்து நடத்து என்று மார்க்கரை நீட்டியதும் வகுப்பே சிரித்தது, மறுநாள் அவன் வரவில்லை. என்ன டவுட்? கேட்கவே இல்லையே. அப்படியானால் வாயை மூடிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர்... ஜெஸ்ஸி? பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்துகிறவள், கல்யாணப் பத்திரிகையில்கூடக் கமா விட்டுப்போனால் வட்டம் போடுகிற பெண்டாட்டி, புத்தகத்தின் புரூஃபை அவள்தானே பார்த்தாள். இந்த இடியம் இருந்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, “இதெல்லாம் டிக்‌ஷனரி பாத்துத்தான போட்டீங்க?” என்றாள். “ஏன், எனக்குத் தெரியாதா?” என்று இவன் எகிறினான். “இல்ல... நல்லாத்தான் இருக்கு. அச்சுக்குக் குடுத்துருங்க.”

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷமும் சோறு போட்டுக்கொண்டு, பக்கத்தில் படுத்துக்கொண்டு, தெரிந்திருக்கிறது. அமீர்பேட் வந்துவிட்டது, பின்னாலிருந்து கூட்டம் நெட்டியது, இறங்கியதும் போனை எடுத்தான். கேட்டால் தெரியவே தெரியாது என்பாள், பயத்தில், யோசிக்கக்கூட மாட்டாள். தன்மையாகக் கேட்க வேண்டும். ஜெஸ்ஸி, உனக்குத் தெரியுமா என்று மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். அதுவும் அதட்டலாகத்தான் வந்தது.