கடைசியில் போட வேண்டிய கோடு

லிஃப்ட் மெக்கானிக் ஒரு சீன எழுத்தைத் தப்பான வரிசையில் எழுதியதால், அவள் கணவர் அந்த மழைக்காலம் முழுவதும் சொந்த வீட்டுக்குள் நுழைய முடியாமல் இருந்தார். கதவு திறந்துதான் கிடந்தது. வாசல்படி தாண்டி உள்ளே கால் வைப்பார். அடுத்த அடி பின்பக்கச் சந்தில் விழும். கண்ணாடிக் கடை வைத்துப் பகலெல்லாம் ஊரார் பார்வையைச் சோதிக்கிற மனிதர், தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துத் தன்னையே சோதித்துக்கொண்டார். கண்ணில் குறையில்லை. அவருடைய அக்கா உள்ளே மாட்டிக்கொண்டாள். அன்று சும்மா எட்டிப் பார்க்க வந்தவள், கிளம்பலாமென்று வெளியே அடி எடுத்து வைத்தபோதெல்லாம் சமையலறையில் போய் நின்றாள். எழுதியவளுக்கு மட்டும் தடையில்லை. வழக்கம்போல வேலைக்குப் போனாள், வந்தாள்.

அந்த வருடம் கம்பெனி பழைய லிஃப்டுகளைக் கழற்றிவிட்டு, பலகையெல்லாம் சீன எழுத்தாக இருக்கும் புது லிஃப்டுகளை மாட்டத் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தேறுகிற ஒருவரை அவை தயாராகும் தொழிற்சாலைக்கே பயிற்சிக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். மெக்கானிக்குக் கால் தரையில் பாவவில்லை. அதற்கு முன்பும் அவள் நிலையாக ஓரிடத்தில் இருந்தவள் அல்ல. மாலை வகுப்பில் சேர்ந்தாள். வாத்தியாரம்மா இவளைவிட வயதில் சின்னவள். ஒருநாள் அவள் சொல்லிக்கொடுத்தது ‘திரும்பி வருதல்’ என்ற எழுத்து: பெரிய கட்டத்துக்குள் ஒரு சின்னக் கட்டம். முதலில் இடப்பக்கக் கோடு, பிறகு மேலே ஓடி வலப்பக்கம் இறங்கும் கோடு, பிறகு உள்கட்டம், எல்லாம் முடிந்த பிறகே பெரிய கட்டத்தின் அடிக்கோடு. “ஆள் உள்ள வந்தப்புறம் கதவைச் சாத்துங்க,” என்றாள் வாத்தியாரம்மா. மெக்கானிக்கோ வயரிங் படத்தில் கட்டம் போட்டே கை பழகியவள். வீட்டுக்கு வந்து, பெரிய கட்டத்தை ஒரே இழுப்பில் மூடிவிட்டு உள்கட்டத்தை அப்புறம் போட்டாள். பார்க்க ஒன்றுபோலத்தான் இருந்தது. அன்று மாலையிலிருந்து கணவர் வெளியே.

தாளைக் கிழித்துப் பார்த்தார்கள், பயனில்லை. ஜன்னல் வழியாகத் தட்டு போயிற்று, துவைத்த சட்டை போயிற்று, பேச்சும் போயிற்று. கடையில் பெஞ்சுமேல் படுத்துக்கொண்ட கணவர், காலையும் மாலையும் குடையோடு ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பார். கல்யாணமானதிலிருந்து இருவரும் இவ்வளவு நேரம் முகம் பார்த்துப் பேசியதில்லை.

“நீ போறது பிடிக்கலைன்னு இல்ல. போனா அங்கேயே இருந்துடுவியோன்னுதான்,” என்றார் ஒருநாள்.

அவள் ஜன்னல் வழியாகத் தட்டை நீட்டினாள். “எனக்கே தெரியலைங்க.”

“மொதல்ல என்னை வெளிய விடுங்க. அப்புறம் ரெண்டு பேரும் பேசிக்கலாம்,” என்றாள் நாத்தனார் உள்ளேயிருந்து.

சரியாக எழுதினால் சரியாகிவிடும் என்பது தெரிந்துதான் இருந்தது, கைதான் கேட்கவில்லை. கணவர் வாசலில் காத்து நிற்க, அவள் சமையலறைச் சுவரில் எழுதிப் பார்த்தாள். உள்கட்டம் முடிந்ததுமே, கணவர் படி தாண்டுமுன்பே, கை அடிக்கோட்டுக்குப் பாய்ந்துவிடும். கணவர் மறுபடி சந்தில் நிற்பார். பல்லைக் கடித்துக் கோட்டை நிறுத்தி வைத்தால் வேறு வம்பு: உள்ளே வந்தவர் உட்கார முடியாமல் மேசையைச் சுற்றி நடந்து, வந்த வழியே போய்விடுவார். அடிக்கோடு இல்லாத வீட்டில் யாராலும் உட்கார முடியவில்லை. அவளுக்குக் கோபத்தில் அழுகை வந்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாத்தனார் தெருவுக்கு ஓடி, கணவர் உள்ளே வந்து குடையை மடக்கி, ஈரக் காலைத் துடைத்து நிமிரும்வரை பேனா சுவருக்கு ஒரு விரல் தள்ளியே நின்றது. பிறகு கோட்டைப் போட்டாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே இருந்தார். நாத்தனார் மறுநாளே தன் பெட்டியோடு திரும்பி வந்தாள்; இந்த வீடு பழகிவிட்டதாம்.

தேர்வில் மெக்கானிக் தேறினாள். கிளம்புகிற நாளன்று, சுவரைக் கழுவி அடிக்கோடு இல்லாமல் புதிதாக எழுதச் சொன்னார் கணவர்.

“உட்கார முடியாதே. எத்தனை மாசம் நடப்பீங்க?”

“நீ இன்னும் வரலையே. அதுக்குள்ள எப்படிச் சாத்துறது?”

எழுதிவிட்டு, அவரைத் திரும்பிப் பார்க்காமல் போனாள். அக்காவும் தம்பியும் மேசையைச் சுற்றி நடந்துகொண்டே சாப்பிட்டார்கள், நடந்துகொண்டே சண்டை போட்டார்கள். படுக்க மட்டும் முடிந்தது. பேச வருகிற அக்கம்பக்கத்தார் கூடவே நாலு சுற்று நடந்துவிட்டுப் போனார்கள். ஆறு மாதம் என்றது எட்டானது. ஒரு வெயில் காலத்து மத்தியானம் மெக்கானிக் வந்தாள், பையைக்கூட இறக்காமல் சமையலறைக்குப் போய்க் கோட்டைப் போட்டாள். நடந்துகொண்டிருந்த கணவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாத்தனார் மட்டும் இன்னும் நடந்துகொண்டேதான் சாப்பிடுகிறாள். சர்க்கரைக்கு அது நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.