வாசலைப் பார்த்த காலணிகள்

"அல்லாவின் கட்டளைப்படி, நபியின் வாக்குப்படி, உங்க மகள் குல்தேனை எங்க எர்டாலுக்குக் கேட்டு வந்திருக்கோம்."

துருக்கியின் சிவாஸ் நகரிலிருந்து ஆறு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் மனத்துக்குள் சொல்லிப் பார்த்ததைச் சப்ரி பிசிறில்லாமல் சொல்லி முடித்தார். பெண்ணின் தகப்பனார் ஹிக்மத் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நசீப் இருந்தா நடக்கும்," என்றார். விதியில் எழுதியிருந்தால் நடக்கும் என்ற பொருளில், எல்லாப் பெண் வீட்டாரும் சொல்லும் வார்த்தை.

சிரித்தபடி சொன்னால் அது சம்மதம். தரையைப் பார்த்துச் சொன்னால் மறுப்பு. ஹிக்மத்தோ சன்னலைப் பார்த்துச் சொல்லியிருந்தார். 'என்ன முடிவு?' என்று நேரே கேட்க சப்ரியின் நாக்கு எழவில்லை. அவர் குடும்பத்தில் யாரும் ஒரே வீட்டில் பெண் கேட்டு இரண்டாம் முறை வாய் திறந்ததில்லை. முறைப்படி விடைபெற்று எழுந்தார்.

வாசலில் அவருடைய காலணிகள் தெருவைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. அவர் ஊரில் அதற்கு ஒரே பொருள்தான். பெண் தருவதாக இல்லை, போய் வாருங்கள்.

காது மடல் சுட்டது. ஒரு காலை உள்ளே நுழைத்தார்.

"அப்பா, ஒரு வார்த்தை கேட்டுருங்க," என்றான் பின்னாலேயே வந்த எர்டால்.

"காலணியே சொல்லிடுச்சுடா. வாயாலயும் கேட்டு வாங்கிக்கணுமா?"

"நீங்க இந்தப் படி இறங்கிட்டா, அப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஏறுவேன்?"

மகன் குரல் உடைந்ததைச் சப்ரி அதுவரை கேட்டதில்லை. திரும்பினார்.

"ஹிக்மத் ஐயா, இல்லைன்னா இல்லைன்னு முகத்துக்கு நேரா சொல்லுங்க. செருப்ப விட்டுச் சொல்லாதீங்க."

ஹிக்மத்தின் முகம் கறுத்தது. "இல்லைன்னு யாரு சொன்னா?"

அடுக்களைக் கதவருகே குல்தேன் நின்றாள். "நான்தான் மாமா திருப்பி வச்சேன். பெரியவங்க தடுமாறாம மாட்டிக்கட்டும்னு. இங்க வர்ற எல்லாருக்கும் அப்படித்தான்."

"வைக்கலேன்னா இவ அம்மா இவள உரிச்சுடுவா," என்றார் ஹிக்மத்.

"அப்ப நசீப்னு சொன்னது?"

"கேட்டதும் தலையாட்டினா, பொண்ணத் தள்ளிவிடப் பாக்கறான்னு தெருவே பேசும். உங்க ஊர்ல பேசாதா?"

பேசும். சப்ரியே அப்படிப் பேசியிருக்கிறார், ஒரு முறையல்ல.

காலணியை மாட்டியதைவிடக் கழற்றுவது சிரமமாக இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்து, எழுந்த இடத்திலேயே மறுபடி உட்கார்ந்தார். மகனைப் பார்க்கவில்லை.

"இன்னொரு காபி குடுங்க," என்றார். "குடிச்சுட்டு மறுபடியும் கேக்கறேன்."