சுவருக்குள் ஒரு மைதானம்

தம்பி அன்று சாயங்காலம் முழுக்க வீட்டில்தான் இருந்தான் என்று அக்கா போலீசாரிடம் சொல்லி வாய் மூடுவதற்குள், சமையலறைச் சுவருக்குள்ளிருந்து ஒரு மைதானம் நிறைந்த கூட்டம் கைதட்டியது. நடுநடுவே விசிலும் கேட்டது. பக்கத்து வீட்டு டிவி என்று நினைத்த இன்ஸ்பெக்டர், தலையைத் தூக்காமல் எழுதி முடித்துவிட்டுப் போனார்.

தம்பி ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடிய கால்பந்து வீரன். காரை ஓரமாக விடச் சொன்ன மைதானத்துக் காவலாளியைக் கீழே தள்ளி, கோல் போடும் அதே இடது காலால் முகத்தில் உதைத்தான் என்பது வழக்கு. தாடை உடைந்த காவலாளிக்குப் பேச்சு வரவில்லை. பார்த்தவர்களுக்கோ வாய் இருந்தும் வரவில்லை. மிச்சம் இருந்தது அக்காவின் வார்த்தைதான். சின்ன வயதிலிருந்து அவன் கழற்றிப் போடும் பூட்ஸைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவது அவள் வழக்கம். அன்றும் என்ன ஏது என்று கேட்காமல் குழாயைத் திறந்துவிட்டாள். ஓடிய தண்ணீரில் சேற்றின் நிறம் இல்லை. அதைப் பார்த்த பிறகும் அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

கைதட்டல் ஓயவில்லை. தம்பி சொக்கத் தங்கம் என்று நிருபர்களிடம் சொன்னாள், ஜன்னல் அதிர்ந்தது. கைதட்டலிலேயே வளர்ந்த குடும்பம் அல்லவா, அதை ஆதரவு என்றே எடுத்துக்கொண்டார்கள். ஜனங்கள் நம்மைக் கைவிடவில்லை என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாசலில் கொடியோடு நின்ற ரசிகர்களும் சேர்ந்து தட்டினார்கள். சுவருக்கே தெரிந்தது கோர்ட்டுக்குத் தெரியாதா என்று டிவியில் ஒருவர் கேட்டார். காவலாளி நடிக்கிறான் என்று தெருவே பேசியது.

அக்காவின் தையல் கடைக்கு ஒருநாள் காவலாளியின் மனைவி ஒரு பனியனோடு வந்தாள். தம்பியின் எண் போட்ட பனியன் அது. கட்டுப் போட்ட முகத்துக்கு மேல் மாட்ட முடியவில்லை, முன்பக்கம் வெட்டிப் பட்டன் வைத்துத் தர வேண்டும் என்றாள். வேறு சட்டை போட மாட்டேன் என்கிறாராம் மனுஷன். அக்கா துணியை விரித்து, கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள்.

"உங்க தம்பி அன்னைக்கு வீட்லதான் இருந்தாராமே?"

"ஆமாம்மா."

இஸ்திரி மேஜைக்கு அடியிலிருந்து மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்று அக்காவுக்கு இருந்தது. இதுநாள் வரை கைதட்டல் எதற்கு வந்தது என்பது அவளுக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது. எண்ணுக்கு நடுவே நேராக வெட்டினாள்.

கோர்ட்டில் சுருக்கமாகத்தான் பேசினாள். "அவன் வீட்ல இல்லீங்க. பூட்ஸைக் கழுவினது நான்தான். ரத்தம்னு தெரிஞ்சேதான் கழுவினேன்." எந்தச் சுவரும் வாய் திறக்கவில்லை. அப்படி ஒரு நிசப்தத்தை அவர்கள் குடும்பம் அதுவரை கேட்டதில்லை. தம்பி தலைகுனிந்தான்.

கொடி பிடித்த அதே ரசிகர்கள் அக்காவின் கடைக் கண்ணாடியை உடைத்தார்கள். அடுத்த வருடமே அணிக்கு அந்த இடது காலுக்குப் பதிலாக வேறொருவன் கிடைத்தான். அம்மா படங்களையெல்லாம் இறக்கிவிட்டு, மகன் பெயரை எடுப்பதையே விட்டுவிட்டாள். அக்கா மட்டும் மாதம் தவறாமல் அவனைப் பார்க்க ஜெயிலுக்குப் போய் வந்தாள்.

ஒவ்வொரு முறையும் தம்பி அதையேதான் கேட்பான். "அம்மா என்னைக் கேட்டாங்களாக்கா?"

"தினமும் கேக்குறாங்கடா."

ஜெயில் சுவர் கைதட்டத் தொடங்கும். சத்தம் அடங்கும்வரை இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். காவலுக்கு நிற்பவர் நல்ல மனிதர். கைதட்டலுக்கு ஆகும் நேரத்தை அவர் பார்வையாளர் நேரத்திலிருந்து கழிப்பதில்லை.