சீப்புக்கூட்டு

சமையற்கட்டில் இன்னும் சோறு வடிக்கவில்லை. அதற்குள் விடுதி மணி கணகணவென்று அலறியது. இருபத்தெட்டுப் பிள்ளைகளும் முற்றத்துக்கு ஓடினார்கள்.

விடுதிப் பொறுப்பாளர் நல்லம்மா அக்கா வெள்ளைத் துணியொன்றை விரித்துக் காட்டினார். நடுவில் மூன்று பேன்கள் ஊர்ந்தன.

"பாலேஸ்வரியின்ரை தலையிலை! போன வெள்ளி ஒண்டுமே இருக்கேல்லை."

"பருத்தித்துறையிலை இருந்து வள்ளம் ஏறி வந்திருக்குங்கள், அக்கா!" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். இராசமலர் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

விடுதியில் ஒவ்வொருத்திக்கும் ஒரு சீப்புக்கூட்டு உண்டு. வெள்ளிதோறும் ஒருத்தியின் தலையை மற்றவள் பேன்சீப்பால் வாரிப் பார்க்கவேண்டும். இரண்டு வருடமாக இராசமலரின் கூட்டு நாகேஸ்வரி. "உன்னட்டை மட்டும்தான் சொல்லுறன்" என்று காதுக்குள் கதைத்தபடி வாருவாள். இந்தப் பள்ளித் தவணை, முழங்காலைத் தொடும் கூந்தலோடு பருத்தித்துறையிலிருந்து பாலேஸ்வரி வந்தாள். நாகேஸ்வரி அந்தக் கூந்தலின் பின்னால் போய்விட்டாள். இராசமலருக்குக் கிடைத்தவள் ஞானாம்பிகை. நாலு இழுப்பு, ஒரு கொட்டாவி, "சுத்தம்!" அவ்வளவுதான்.

முன்பு தலையில் பேன் இருந்த கோப்பாய்ப் பிள்ளையை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். பாலேஸ்வரியின் பெட்டியும் வெளியே வருமென்று இராசமலர் காத்து நின்றாள்.

"இனி ஒருத்தரையும் வீட்டை போக விடமாட்டன். திரும்பி வரேக்கை இன்னும் கூடக் கொண்டு வருகினம்," என்றார் நல்லம்மா அக்கா. "பாயெல்லாம் வெய்யிலிலை போடுங்கோ. தலையணை உறையை அவியுங்கோ. பாலேஸ்வரி பத்து நாள் பக்கத்து அறையிலை. கூட்டும் அவளோடை. நாகேஸ்வரி, பேன் சாக அன்னமுன்னாப் பழ விதையை அரைச்சு எண்ணெயிலை குழைச்சு அவளின்ரை தலையிலை பூசு. கண்ணிலை பட்டால் எரியும், துணி கட்டு."

"ஓம் அக்கா!" நாகேஸ்வரி துள்ளினாள்.

இராசமலருக்கு வயிறு எரிந்தது. பத்து நாள்! ஒரே அறை, ஒரே பாய்!

மூன்றாம் நாள் அந்த அறையின் யன்னலடியில் போய் நின்றாள். உள்ளே சீப்பு சரசரத்தது. பிறகு நாகேஸ்வரியின் குரல்: "உன்னட்டை மட்டும்தான் சொல்லுறன்..."

இராசமலர் நேரே நல்லம்மா அக்காவிடம் ஓடினாள்.

"அக்கா, எனக்கும் பேன். என்னையும் அந்த அறையிலை விடுங்கோ."

"உனக்கோ? ஞானாம்பிகை சுத்தம் எண்டவளெல்லோ?"

"அவள் எங்கை பாத்தவள்? பாலேஸ்வரியின்ரை தலையிலை நான் பிடிச்சு விட்ட மூண்டும் என்ரை தலைப் பேன்தான், அக்கா!"