கஸ்தூரி பெற்ற பிள்ளை

வில்லியனூர்ப் பக்கத்து மருத்துவக் கல்லூரி ஒன்றில் பிரசவப் பயிற்சிக்காக வைத்திருந்த ரப்பர் பொம்மை, மார்கழி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை பிள்ளை பெற மறுத்தது. அதுவரை அதன்மேல் ஒரு குறை சொல்ல முடியாது. மாணவர்கள் கஸ்தூரி என்று பேர் வைத்திருந்த அந்தப் பொம்மை, பொத்தானை அமுக்கினால் முக்கும், முனகும், பொழுது சாய்வதற்குள் ஒரு தெருவுக்கே போதுமான பிள்ளை பெறும். ஒருவர் குழந்தையை எடுத்ததும் பேராசிரியர் இன்னாசிமுத்து "அடுத்து!" என்பார். அதே ரப்பர் குழந்தையைத் துடைத்து மறுபடி வயிற்றுக்குள் வைப்பார்கள். பயிற்சி என்றால் அப்படித்தான்.

அன்றைக்குக் குழந்தையின் தலை வந்ததோடு சரி, தோள் மாட்டிக்கொண்டது. சென்னையிலிருந்து கம்பெனி ஆள் வந்தார். வயிற்றைத் திறந்து பார்த்து, மோட்டாரில் பழுதே இல்லை என்று சொல்லி, மீன்குழம்புச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போனார். தேர்வு நாளும் வந்துவிட்டது. "தோள் மாட்றதும் பாடத்துல இருக்குதுபா, இதுலயே செய்ங்க" என்றார் இன்னாசிமுத்து. வகுப்பில் முதல் ஆளாக நிற்கிறவர்கள்கூட வியர்த்து வழிந்து வெளியே வந்தார்கள்.

கடைசியாகப் போனவள் பனித்திட்டு ஊர்க்காரி விஜயராணி. பிரசவ டாக்டர் ஆகவேண்டும் என்பதற்காகவே படித்தவள், ஆனால் பொம்மையைத் தொட்டாலே கை நடுங்கும். ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றிருந்தாள். இதிலும் தவறினால் பிரசவ அறைப் பக்கமே போக முடியாது, வேறு பிரிவு பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பாவம், முதல்நாள் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

புத்தகத்தில் உள்ளபடி கஸ்தூரியின் முழங்கால்களை வயிற்றோடு மடக்கினாள். உதவிக்கு நின்ற தோழி அடிவயிற்றை அழுத்தினாள். ஒன்றும் நகரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் பொம்மையின் நெற்றியைத் தடவி, "இன்னாக்கா பண்ணுது?" என்று கேட்டாள்.

"இன்னா பண்ணுமா? பெத்துப் பெத்துக் குடுக்குறேன். ஒருவாட்டினாச்சும் என் கையில குடுத்தீங்களா? திரும்ப உள்ள தள்ளத்தான எடுக்குறீங்க?" என்றது கஸ்தூரி.

நியாயமான கேள்வி என்று அறையில் எல்லாருக்கும் பட்டது. பிள்ளைகுட்டிக்காரரான இன்னாசிமுத்து தலை குனிந்துகொண்டார்.

"நான் தரேங்கா. நீ முக்கு" என்றாள் விஜயராணி.

கஸ்தூரி முக்கினாள். தோள் திரும்பியது, குழந்தை வழுக்கிக்கொண்டு கைக்கு வந்தது. கை நடுக்கம் எப்போது நின்றதென்று விஜயராணிக்கே தெரியாது. பழக்க தோஷத்தில் இன்னாசிமுத்து "அடு..." என்று வாயெடுத்தார்.

"கொஞ்சம் இருங்க சார்" என்று குழந்தையைத் தாயின் மார்பில் போட்டாள். அது வீறிட்டு அழுதது. விஜயராணி சிரித்துக்கொண்டே அழுதாள்.

அவள் தேறி, இப்போது பாகூர்ப் பக்கம் பிரசவம் பார்க்கிறாள். அந்தக் குழந்தையை மறுபடி உள்ளே வைக்க முடியவில்லை, வளர ஆரம்பித்துவிட்டது. கல்லூரி வேறு ரப்பர் குழந்தைகள் வாங்கியது. ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும் கஸ்தூரி ஆசை தீரக் கொஞ்சி முடிக்கும்வரை மாணவர்கள் டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். மூத்தது பக்கத்துத் தெரு பால்வாடிக்குப் போகிறது. முட்டை சாப்பிட மாட்டேன் என்கிறது, அதைத் தவிர டீச்சருக்கு வேறு புகார் இல்லை. சாயங்காலம் அது பையைத் தூக்கிக்கொண்டு வந்ததும் இன்னாசிமுத்து வகுப்பை நிறுத்திக் கதவைத் திறந்துவிடுவார்.

"செருப்பக் கழட்டிட்டு உள்ள போ கண்ணு, அம்மா காத்துனு இருக்குது" என்பார்.