யார் முதலில் திறந்தது

ஈரத்துணி வாளியைத் தூக்கப் போனவளின் கையிலிருந்து மாமியார் அதைப் பிடுங்கிக்கொண்டார். "நீ விடும்மா, நான் காயப்போடறேன்." கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வாளி மாமியார் கைக்குப் போனதே இல்லை. மூட்டுவலிக்காரர், மாடிப்படி என்றாலே முகம் சுளிப்பவர். இப்போது படிக்குப் படி நின்று மூச்சு வாங்கி ஏறுகிறார். கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

புருஷன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். வேலை விட்டு வந்தால் சோபாவோடு சோபாவாகிவிடுவான். அன்று நேராக அடுப்படிக்கு வந்து, "வலிக்குதா?" என்றான்.

"என்ன வலிக்குது?"

"இல்ல... சும்மா பொதுவா கேட்டேன்."

பொதுவாக வலி விசாரிக்கிற ஆளில்லை அவன். போதாக்குறைக்கு, வீட்டுக் கம்ப்யூட்டரே கதியென்று கடைகளுக்குக் கணக்கு எழுதித் தரும் நாத்தனார், டிவி ரிமோட்டை வலிய வந்து அவள் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

அவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. மார்பில் ஒரு கட்டி. ஊசியால் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு இன்னும் வரவில்லை. இது தெரிந்த ஒரே ஜீவன், கூட வந்த தோழி. அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

மறுநாள், தான் வேலை பார்க்கும் கண்ணாடிக்கடையில் லென்ஸ் வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டு, பின்கட்டில் நின்று தோழியை ஃபோனில் கூப்பிட்டாள். "உண்மையச் சொல்லு. எங்க வீட்ல யார்கிட்டடி சொன்ன?"

"நானா? உனக்குப் பைத்தியமா?"

"உன்னையும் என்னையும் விட்டா வேற யாருக்குத் தெரியும்? சுவரா போய் சொல்லுச்சு?"

மறுமுனையில் யாரோ நோயாளி இருமினார். "சரி, நான்தான்னே வெச்சுக்கோ" என்று தோழி ஃபோனை வைத்துவிட்டாள். அன்று கடையில் அவள் ஒரு பெரியவரின் வலக்கண் லென்ஸை இடப்பக்கத்துக்கு வெட்டித் தொலைத்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்து இருந்த சிநேகிதம். வாய் விட்டது விட்டதுதான். ஆனால் தோழி சொல்லாவிட்டால் வேறு யார்?

ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் கேட்டிருந்த பழைய ஸ்கேன் படத்தைத் தேடிக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். போன மாதம் ஃபோனில் இடமில்லை என்றபோது நாத்தனார்தான் ஃபோனையும் கம்ப்யூட்டரையும் இணைத்து, எல்லாவற்றுக்கும் நகல் எடுக்க ஏற்பாடு செய்தாள். நகலைப் பூட்ட ஒரு பாஸ்வேர்ட் கேட்டது. இவளோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று 1234 என்று தட்டிவிட்டு ஓடியிருந்தாள். போட்டோக்கள் மட்டும்தான் போகும் என்பது அவள் நினைப்பு. வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும்போதெல்லாம் ஃபோன் தானாகவே எல்லாவற்றையும் அங்கே கொட்டிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

திறந்தால் ஸ்கேன் இருந்தது. ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தது. தோழிக்கு எழுதியதெல்லாம் வரி விடாமல் இருந்தது. 'பயமா இருக்குடி. வீட்ல மட்டும் தெரியக்கூடாது. அத்தைகிட்ட சொல்றதும் மைக் வெச்சு ஊருக்குச் சொல்றதும் ஒண்ணு. இவர்கிட்ட சொன்னா இவரைத் தூக்கி நிறுத்தவே எனக்குத் தெம்பு போதாது.'

இதையும் படித்தார்களா? படித்துவிட்டுமா அந்த மனுஷி வாளியைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார்? கோபப்படுவதா, காலில் விழுவதா என்று தெரியவில்லை. தோழிக்கு, 'தப்பு என்மேல. மன்னிச்சிடு' என்று அனுப்பினாள். அவள் பார்த்துவிட்டதாக அடையாளம் விழுந்தது. பதிலில்லை.

மூவரையும் கூடத்துக்குக் கூப்பிட்டாள். "என் ஃபோன் நகலத் தொறந்தது யாரு?"

"அந்தப் பொட்டிய எங்க அமுக்கறதுன்னே எனக்குத் தெரியாதும்மா" என்றார் மாமியார். புருஷன் ஓடாத ஃபேனை அண்ணாந்து பார்த்தான்.

"1234 எல்லாம் ஒரு பூட்டா அண்ணி? தட்டினா தொறந்துக்குது" என்ற நாத்தனார் சட்டென்று உதட்டைக் கடித்தாள். "சத்தியமா நான் முதல் ஆளில்ல. நான் பாக்கும்போதே அது தொறந்துதான் கிடந்துச்சு."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில்தான் அவளுக்கு ஒன்று பிடிபட்டது. தனக்கு மட்டும்தான் தெரியும் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே மூச்சடக்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

"நீ வாயத் தொறக்காம நான் எப்படிம்மா கேக்கறது?" என்றார் மாமியார். மைக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முழுக்கப் படித்தாரா, திறந்து கிடந்த திரையில் பாதி மட்டும் கண்ணில் பட்டதா என்று அந்த முகத்திலிருந்து எதுவும் எடுக்க முடியவில்லை.

"ரிசல்ட் எப்ப?" என்றான் புருஷன். குரல் உடைந்திருந்தது.

"நாளைக்கு" என்றாள். வீட்டில் அதைப் பற்றி அவள் வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை.

நாத்தனார்தான் கம்ப்யூட்டரில் புதுப் பாஸ்வேர்ட் வைக்கும் இடத்தைத் திறந்து கொடுத்தாள். "வேற வெச்சுக்கோங்க அண்ணி. நாங்க பாக்க மாட்டோம்." சொன்னபடியே சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். பக்கத்தில் புருஷனும் திரும்பிக்கொண்டான். மாமியார் திரும்பியது போதாதென்று முந்தானையால் கண்ணையும் பொத்திக்கொண்டார்.

திரையில் பாஸ்வேர்டுக்கான வெற்றுக் கட்டத்துக்குள் கோடு ஒன்று துடித்துத் துடித்து மறைந்தது. விரல்கள் கீபோர்டின் மேல் கிடந்தன. அவள் திரையைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்து வரிசையாக நின்ற மூன்று முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவிலிருந்த முதுகு லேசாகக் குலுங்கியது.

"ஆச்சாம்மா?" என்றார் மாமியார், கண்ணிலிருந்து முந்தானையை எடுக்காமலே. "திரும்பலாமா?"